உப்பளத்தில் நின்ற பச்சைக் கதவு

பெரியளத்துக்குப் பச்சைக் கதவு வந்தது ஒரு பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை எட்டே கால் மணி வாக்கில், ஏழாம் பாத்திக்கும் எட்டாம் பாத்திக்கும் நடுவே ஓடுகிற வரப்பின் மேல். முந்தின நொடி வரை அங்கே வெயிலையும் உப்பையும் தவிர ஒன்றும் கிடையாது, அடுத்த நொடி நிலைச்சட்டமும் தாழ்ப்பாளுமாக ஒரு கதவும், கதவுக்குப் பின்னால் ஓர் ஆள் மட்டும் கொள்ளுகிற மாதிரிச் சுண்ணாம்படித்த ஓர் அறையும் நின்றன, வாருபலகையோடு குனிந்திருந்த நாற்பது பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள், பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்து உப்பை இழுத்தார்கள், ஏனென்றால் வெயில் ஏறுவதற்குள் அந்த வரிசை முடிந்தாக வேண்டும். கங்காணி தவசிமுத்து மட்டும் குடையை மடக்கிக்கொண்டு ஓடி வந்து, "யாரைக் கேட்டு இதை இங்கன வச்சிய? வரப்பு உக்காந்துட்டா யாரு பதில் சொல்லுறது?" என்று கத்தினான். அந்த வரிசையில் இருந்த பிச்சைக்கனி அவனைத் தாண்டி நடந்து போய், கதவைத் திறந்து, உள்ளே நுழைந்து தாழ் போட்டுக்கொண்டாள்.

ஞானப்பூதான் அப்போது அவளுக்குப் பக்கத்தில் நின்றவள். இருபத்தாறு வருஷமாக இந்த இரண்டு பேரும் ஜோடி. ஒருத்தி வாரினால் ஒருத்தி அள்ளுவாள், ஒருத்தி தூக்கிவிட்டால் ஒருத்தி சுமப்பாள், பிச்சைக்கனியின் கோயில் கொடைக்கு ஞானப்பூ போய்ப் பொங்கல் அடுப்பு மூட்டிக் கொடுப்பாள், ஞானப்பூவின் சர்ச்சில் அசன விருந்து என்றால் பிச்சைக்கனி முதல் ஆளாக வந்து உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். அப்படிப்பட்ட ஞானப்பூவுக்கே கதவைப் பார்த்ததும் முதலில் வந்தது ஆச்சரியம் இல்லை, பொறாமை. சொல்ல அவளுக்கே வெட்கம்தான், ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டுமே, எனக்கு வராதது இவளுக்கு வந்திருக்கிறதே என்றுதான் அவள் நினைத்தாள்.

உப்பளத்தில் வேலை செய்கிற பெண்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். இது என்ன கிறுக்குத்தனம் என்று கேட்பவர்கள் ஒரு தடவை அங்கே வந்து நின்று பார்க்கட்டும்: நாலு பக்கமும் கண்ணுக்கெட்டின தூரம் வெள்ளை, ஒரு செடி கிடையாது, ஒரு குட்டிச்சுவர் கிடையாது, ஒரு காக்கா வந்து உட்கார்ந்தால்கூட ஒரு மைலுக்குத் தெரியும். ஆம்பிளைக்கென்ன, திரும்பி நின்றால் காரியம் முடிந்தது. பெண்கள் விடிவதற்கு முன்னால் வரும்போதே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வர வேண்டும், அதற்குப் பிறகு மதியம் வீடு போய்ச் சேருகிற வரைக்கும் சொட்டுத் தண்ணீர் தொண்டையில் இறங்கக் கூடாது, அப்படியும் ஒருத்திக்கு முடியாமல் போனால் நாலு பேர் வந்து அவளைச் சுற்றி முதுகு காட்டி நின்று முந்தானையை விரித்துப் பிடிப்பார்கள். அதற்கு மறைப்புக் கட்டுவது என்று பேர். ஒருத்தி போக ஐந்து பேர் வேலை நிற்கும், தவசிமுத்து வரப்பில் நின்றுகொண்டு வானத்தைப் பார்த்து வைவான். அதனால் மாதத்துக்கு ஒரு தடவை கேட்கலாம், இரண்டு தடவை கேட்டால் மற்றவர்களே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஞானப்பூவுக்கு இப்படி அடக்கி அடக்கியே பதினோரு வருஷமாக நீர்க்கடுப்பு, வருஷத்துக்கு இரண்டு தரம் குளிர்காய்ச்சல்.

பிச்சைக்கனி கதை வேறு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று வந்தது. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து நாள் கரண்டு வைத்தார்கள். டாக்டர்கள் கதிர்வீச்சு என்று சீட்டில் எழுதுவதை எங்கள் பக்கத்தில் கரண்டு வைப்பது என்றுதான் சொல்வோம். தினமும் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடிக்க வைத்து, அடிவயிறு நிறைந்திருந்தால்தான் குடல் விலகி நிற்கும், அடக்கிக்கொண்டு உட்கார் என்று வரிசையில் உட்கார வைப்பார்கள். முன்னால் போனவளுக்குத் தாமதமானால் இவளும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், எதிரே கக்கூஸின் பச்சைக் கதவு, அதன் கீழ்மூலை தண்ணீர் பட்டு அரித்திருக்கும், இருபத்தைந்து நாளும் அவள் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோய் போனது. இரண்டு வருஷம் நன்றாக இருந்து மறுபடி அளத்துக்கு வந்தாள். அதன் பிறகு அடிவயிற்றில் ஓர் எரிச்சல் தொடங்கி, மணிக்கு ஒரு தரம் என்பது அரை மணியாகி, அரை மணி கால் மணியாகி, வந்தால் ஒரு நிமிஷம் பொறுக்காது, போய் உட்கார்ந்தால் இரண்டு ஸ்பூன் என்று ஆகிவிட்டது.

கால் மணிக்கு ஒரு தரம் மறைப்புக் கட்ட யார் வருவார்கள்? அந்தத் திங்கட்கிழமை மூன்று தடவை கேட்டாள், வந்தார்கள். நாலாவது தடவை கேட்க நாக்கு எழவில்லை. நின்ற இடத்திலேயே சேலையோடு போய்விட்டது, உடனே பாத்தியில் உட்கார்ந்து உப்புத் தண்ணீரை இடுப்போடு நனைத்துக்கொண்டு, வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சிரித்தாள். எல்லாரும் நம்பினார்கள். ஞானப்பூ நம்பவில்லை, ஆனாலும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலையில்தான் கதவு வந்தது, அதே பச்சை, அதே அரித்த மூலை.

கதவு எங்கிருந்து வந்தது, யார் அனுப்பினார்கள் என்றெல்லாம் பெரியளத்தில் ஒருத்தரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. உள்ளே தண்ணீர் வருதா என்றுதான் கேட்டார்கள். வந்தது. நீல வாளி, சிவப்பு மக்கு, திறந்தால் கொட்டுகிற குழாய், அதுவும் நல்ல தண்ணீர். சுற்றி ஆயிரம் ஏக்கருக்கு உப்புத் தண்ணீரே கிடக்கிற இடத்தில் வாயில் விட்டால் இனிக்கிற தண்ணீர். இரண்டாவதாக ஞானப்பூ போனாள். போய்விட்டு வெளியே வந்தவள் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். "என்னளா, உள்ள பாம்பா?" என்று பதறினாள் பிச்சைக்கனி. "இல்லக்கா. தாழ்ப்பாள் இருக்கு," என்றாள் ஞானப்பூ.

ஒரு வாரத்துக்குள் எல்லாம் பழகிவிட்டது. கதவுக்கு ஒரு குணம் உண்டு: பிச்சைக்கனிக்கு முட்டும்போது வரும், வந்தால் அவள் கூப்பிடு தூரத்தில் இருக்கிற வரைக்கும் நிற்கும், அவள் அடுத்த பாத்திக்கு நகர்ந்தால் கூடவே நகரும். கால் மணிக்கு ஒரு தரம் அவளுக்கு முட்டுவதால் கதவு போகவே நேரமில்லாமல் நாள் முழுக்க நின்றது. பெண்கள் வரிசை போட்டுக்கொண்டார்கள், கர்ப்பிணி முதலில், வீட்டுக்கு விலக்கானவள் அடுத்து, மற்றவர்கள் பிறகு. கதவில் யாரோ மஞ்சள் குங்குமம் வைத்தார்கள், ஞானப்பூ உள் ஆணியில் ஒரு ஜெபமாலையைத் தொங்கவிட்டாள், அதற்கு இவர்களும் ஒன்றும் சொல்லவில்லை, இதற்கு அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருத்தி தேங்காயோடு வந்தபோது மட்டும் பிச்சைக்கனிக்குக் கோபம் வந்து, "கக்கூஸ்ல தேங்காய் உடைக்காதளா, புத்தி கெட்டவளே!" என்று விரட்டினாள். தவசிமுத்துவும் ஒரு நாள் ஆள் இல்லாத நேரம் பார்த்து உள்ளே போனான். தாழ்ப்பாள் விழவில்லை, குழாயில் காற்றுதான் வந்தது, முகம் சிவந்து வெளியே வந்தான், யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அதன் பிறகுதான் தண்ணீர்ப் பானை வந்தது. முப்பது வருஷமாக வாயைக் கட்டியிருந்த பெண்கள் வரப்பில் பானை வைத்து மொண்டு மொண்டு குடித்தார்கள், குடித்த வாயைத் துடைத்துக்கொண்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள், வைகாசி முடிவதற்குள் ஞானப்பூவின் பதினோரு வருஷக் கடுப்பு இருந்த இடம் தெரியாமல் போனது. பக்கத்து அளத்துக்காரிகள் வந்து பிச்சைக்கனியை எங்களுக்கும் இரண்டு நாள் அனுப்புங்கள் என்று கேட்டார்கள், திங்கள் செவ்வாய் மேலளம், சனிக்கிழமை கீழளம் என்று ஆனது. சடங்கு வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் முதல் அழைப்பு பிச்சைக்கனிக்குப் போனது; வியாதி வந்த பிறகு அவள் தொட்ட சொம்பைக் கூடத் தள்ளி வைத்த வீடுகளில் இப்போது முன் வரிசையில் நாற்காலி போட்டார்கள். ரேஷன் கடை வரிசையில் அவள் நின்றால் கூட்டம் சண்டை போடாது. போன வருஷமே பெண்களுக்குக் கழிப்பறை கட்டு என்று முதலாளிக்கு உத்தரவு போட்டிருந்த லேபர் ஆபீசர் வந்து பார்த்தார், கதவைத் திறந்தார், பிச்சைக்கனியை விட்டுக் குழாயைத் திருகிப் பார்த்தார், ஒன்று, நல்ல நிலையில், தண்ணீர் வசதியுடன் என்று எழுதிக்கொண்டு போனார். முதலாளி அன்றைக்குப் பிச்சைக்கனியைக் கூப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளம்மா என்றார்.

அந்த உடம்புதான் கேட்கவில்லை. ஆனியில் ஒரு நாள் பிச்சைக்கனி கதவைத் திறந்து வெளியே வந்தவள் ஞானப்பூவின் கையைப் பிடித்தாள்.

"ஏளா, செவப்பாப் போகுது."

"எவ்வளவு நாளாக்கா?"

"ஒரு மாசமா. அது திரும்ப வந்துட்டு, ஞானப்பூ. என்னைய முடிச்சிட்டுத்தான் போகும்."

மறுநாளே இரண்டு பேரும் மதுரைக்குப் போனார்கள். டாக்டரம்மா சின்னக் குழாயை உள்ளே விட்டுப் பார்த்தாள், படம் பார்த்தாள், கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள், ஒரு வாரம் கழித்து வரச் சொல்லி உட்கார வைத்துச் சொன்னாள்: "புத்து வரல. அது போனது போனதுதான். இது கரண்டு வச்சதோட வடு. எரியிற வீட்டை அணைச்சாலும் பக்கத்து வீட்டுக் கூரையில சூடு பட்டுருக்கும்ல, அந்த மாதிரி. உங்க நீர்ப்பை உள்ளுக்குள்ள கருகி, சுருங்கி, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஆயிருச்சு, உள்சுவர்ல நரம்பு நரம்பா ரத்தக்குழாய் பிஞ்சு கசியுது." கரண்டு வைத்த எல்லாருக்கும் இது வராது, சில பேருக்கு வரும், வருஷங்கள் கழித்துக்கூட வரும் என்றாள். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், பையை அடக்க ஒரு மாத்திரை, ரத்தம் கட்ட ஒரு மாத்திரை, வாரம் ஒரு முறை வந்து நீர்ப்பையைக் கழுவிக்கொள்ள வேண்டும். அதிலும் நிற்காவிட்டால் சென்னையில் ஆக்ஸிஜனை அழுத்தி அடைத்த ஓர் அறை இருக்கிறது, அதற்குள் நாற்பது தடவை உட்கார்ந்து எழுந்தால் கருகின இடம் மெல்ல மெல்லத் துளிர்க்கும் என்றாள். பஸ்ஸில் திரும்பும்போது பிச்சைக்கனி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, சாக மாட்டேன், சாக மாட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வந்தாள். ஞானப்பூ அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள், அப்படி நிம்மதியான தூக்கம்.

மாத்திரை வேலை செய்தது, அதுதான் தொந்தரவு. இரண்டாவது தடவை கழுவிவிட்டு வந்த மறுநாள் பிச்சைக்கனிக்கு எட்டு மணிக்கு முட்டவில்லை, எட்டரைக்கு முட்டவில்லை, ஒன்பதும் ஆனது, ஒன்பதரையும் ஆனது. கதவு வரவில்லை. கதவு வரும் என்ற நம்பிக்கையில் விடிந்ததிலிருந்து குடித்திருந்த நாற்பது பெண்களும் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். ஏழு மாதக் கர்ப்பிணி மரியபுஷ்பம் தலையில் உப்புக் கூடையோடு, உப்பைக் குவிக்கிற தட்டுமேட்டில் சாத்தின பலகை வழியாக ஏறிக்கொண்டிருந்தவள், லாரியில் உப்பு ஏற்ற வந்த ஆண்கள் பத்துப் பேர் பார்க்க, நடுப் பலகையில் நின்றுவிட்டாள். பலகை நனைந்தது. ஓர் ஆள் சிரித்தான். மரியபுஷ்பம் கூடையைக் கீழே போடவும் இல்லை, அழவும் இல்லை, அப்படியே ஏறிப் போய்க் கொட்டிவிட்டு வந்தாள்.

ஒருத்தியும் பிச்சைக்கனியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்த்தார்கள், அவ்வளவுதான். நாற்பது பேர் பார்த்தால் எப்படி இருக்கும்? சொன்னது ஞானப்பூ ஒருத்திதான். சாப்பாட்டு வேளையில், குரலைத் தாழ்த்தி, ஏதோ குழம்புக்கு உப்புக் குறைவு என்று சொல்கிற மாதிரி: "யக்கா, அந்த அடக்குற மாத்திரையை மட்டும் ரெண்டு நாளு நிறுத்திப் பாரேன்."

பிச்சைக்கனி தூக்குச்சட்டியை மூடி வைத்தாள். "சரி," என்றாள்.

கதவு திரும்பி வந்தது. இரண்டு நாள் என்றது இரண்டு வாரம் ஆனது. ஒரு மாத்திரையை நிறுத்தியவள் மற்றதையும் நிறுத்தினாள், மதுரைக்கும் போகவில்லை, வாளித் தண்ணீர் ரோஜா நிறம் போய்ச் செம்பருத்தி நிறத்துக்கு வந்தது. ஞானப்பூவுக்கு இது தெரியுமா என்றால் தெரியும். பிச்சைக்கனிக்கு அடுத்து உள்ளே போனால் வாளியைப் பார்க்காமல் இருக்க அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி இருக்க மனிதர்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

ஆடியில் ஒரு வியாழக்கிழமை, ஒன்பது மணிக்கு, பிச்சைக்கனி உள்ளே போய்த் தாழ் போட்டாள். போட்ட சற்று நேரத்தில் ஐந்தாம் பாத்தி வரப்பில் இன்னொரு பச்சைக் கதவு நின்றது. பிறகு மூன்றாம் பாத்தியில் ஒன்று, பதினொன்றில் ஒன்று, கடல்தண்ணீர் தேக்குகிற தெப்பத்து ஓரமாக வரிசையாக ஏழு, தட்டுமேட்டை ஒட்டி இரண்டு, பார்க்கப் பார்க்க வெள்ளை வெளி முழுக்கப் பச்சைக் கதவுகள், எண்ணிப் பார்த்தால் நாற்பது, ஆளுக்கு ஒன்று. பெண்கள் குலவை போட்டார்கள். வாருபலகையை வீசிவிட்டு ஓடினார்கள், எனக்கு இது உனக்கு அது என்று சிரிப்பும் கும்மாளமுமாக ஆளுக்கொரு தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டார்கள். ஞானப்பூவும் ஓடினாள். புதுப் பெயின்ட் வாசனை அடிக்கிற ஒரு கதவைப் பிடித்து உள்ளே போய் உட்கார்ந்து, ஆண்டவரே, என்ன நிம்மதி என்று கண்ணை மூடினாள். கண்ணை மூடின பிறகுதான் அவளுக்கு உறைத்தது: ஒரு வலிக்கு ஒரு கதவு என்றால், நாற்பது கதவுக்கு எத்தனை வலி?

சேலையை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினாள். பழைய கதவைத் தட்டினாள், இடித்தாள், யக்கா யக்கா என்று அலறினாள், பதில் இல்லை. தவசிமுத்து கடப்பாரையோடு ஓடி வந்தான். என்ன ஏது என்று கேட்காமல் தாழ்ப்பாளைப் பெயர்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். உள்ளே பிச்சைக்கனி சுவரோடு சுருண்டு கிடந்தாள், ரத்தம் கட்டி கட்டியாக உறைந்து வழியை அடைத்துவிட்டது, ஒரு சொட்டு இறங்கவில்லை, அடிவயிறு கல்லாக உப்பியிருந்தது. உப்பு லாரியிலேயே தூக்கிப் போட்டார்கள். லாரி நகர நகரக் கதவுகள் ஒவ்வொன்றாக இல்லாமல் போயின. உள்ளே இருந்த பெண்கள் வெட்டவெளியில், வெயிலில், குந்தினபடி இருந்தார்கள். சிரித்துக்கொண்டிருந்த முகங்கள் எல்லாம் லாரி போகிற திசையைப் பார்த்தன.

ஆஸ்பத்திரியில் குழாய் போட்டு உறைந்த கட்டிகளைக் கழுவி எடுக்க இரண்டு நாள் ஆனது, இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது என்று டாக்டரம்மா சத்தம் போட்டாள், இனிச் சென்னையில் அந்த ஆக்ஸிஜன் அறைதான் வழி என்றாள். "யாரும் சொல்லல, நானாத்தான் மறந்துட்டேன்," என்றாள் பிச்சைக்கனி. டாக்டரம்மா போன பிறகு ஞானப்பூ கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"நாந்தானக்கா சொன்னேன். என் வாயில புத்து வைக்க. உன்னைக் கொல்லப் பாத்தவ நாந்தான்."

"நீ சொல்லாட்டியும் நிறுத்தியிருப்பேன்," என்றாள் பிச்சைக்கனி, குரலே எழும்பவில்லை. "எனக்கு நாற்காலி போட்டாவ, ஞானப்பூ. முன் வரிசையில. சொகமாயிட்டா நான் யாரு? வெறும் வியாதிக்காரியா இருந்தவ, வெறும் கிழவியா ஆவேன். நான் மெட்ராசுக்கு வரல. ரத்தம் கட்டுற மாத்திரை மட்டும் போதும். கதவு நிக்கட்டும்."

ஞானப்பூ எவ்வளவோ கெஞ்சினாள், திட்டினாள், மூன்று நாள் பேசாமல் இருந்தும் பார்த்தாள். பிச்சைக்கனி அசையவில்லை. பதினைந்தாம் நாள், குழாய் எடுத்த கையோடு, துணியை மடித்துக் கட்டிக்கொண்டு அளத்துக்கு வந்து நின்றாள், முகம் வெளுத்து, கன்னம் ஒட்டி. அவள் வந்து ஐந்து நிமிஷத்தில் கதவும் வந்தது. அவள் போய்விட்டு வந்து, வழக்கம் போலக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வாங்கட்டி, யாரு மொதல்ல?" என்றாள்.

ஒருத்தியும் போகவில்லை. இதை ஞானப்பூ வீடு வீடாகப் போய்ப் பேசி வைத்திருந்தாள். சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள், சில வீடுகளில் என் சிறுநீரகம் போனால் நீ தருவாயா என்று கேட்டார்கள், நியாயமான கேள்விதான், அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மறுபடியும் போனாள், முதலில் சரி என்றவள் மரியபுஷ்பம். இப்போது மணி எட்டானது, ஒன்பதானது. நாற்பது பேரும் உதடு வெடிக்க, பல்லைக் கடித்துக்கொண்டு உப்பை இழுத்தார்கள், பச்சைக் கதவு ஆ என்று திறந்து கிடந்தது. பிச்சைக்கனி ஒவ்வொருத்தியாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். நிறைமாதமாக நின்ற மரியபுஷ்பத்தின் கையைப் பிடித்து இழுத்தாள், அவள் தலையை ஆட்டிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றாள். அப்போதுதான் பிச்சைக்கனி உடைந்தாள்.

"என்னையத் தள்ளி வைக்கியளா? அப்பமும் தள்ளி வச்சிய, இப்பமும் தள்ளி வைக்கியளா?" என்று மண்ணை வாரித் தூற்றினாள்.

ஞானப்பூ போய் அவளைக் கட்டிக்கொண்டாள். "தள்ளி வைக்கலக்கா. அனுப்பி வைக்கோம். உன் ரத்தத்துல கால் கழுவ எங்களால முடியல. போயிட்டு வா. கதவு வராட்டா வராமப் போட்டும், நீ வா."

அன்றைக்கு ராத்திரி ரயிலில் பிச்சைக்கனி சென்னைக்குப் போனாள், அம்பத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்கு. ரயிலில் கக்கூஸ் உண்டு, அதனால் கதவு கூடப் போனதா என்று யாருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் லேசான நாட்கள் இல்லை. பானை வீட்டுக்குப் போனது. தொண்டை வறண்டது, பழைய கடுப்பு பழைய வீட்டுக்கு வருகிற மாதிரி உரிமையோடு ஞானப்பூவிடம் திரும்பி வந்தது. முதலாளியிடம் போய்ப் பேசச் சொல்லித் தவசிமுத்துவிடம் கேட்டார்கள். அவன் போய்க் கேட்டான், அதை மறைக்கக் கூடாது, ஆனால் முதலாளி ஆபீசர் எழுதின காகிதத்தைக் காட்டினார்: ஒன்று இருக்கிறதே, நல்ல நிலையில், தண்ணீர் வசதியுடன். இல்லை முதலாளி, அது போய்விட்டது என்றதற்கு, போனதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டியது உங்கள் பொறுப்பு என்றார். தட்டுமேட்டுக்கு அப்பால் அவருடைய ஆபீசை ஒட்டி ஒரு கக்கூஸ் இருந்தது, அவர் மாதத்துக்கு இரண்டு தடவை வரும்போது திறப்பது, மற்ற நாள் பூட்டு. அதைக் கேட்கலாமே என்றால் எப்படிக் கேட்பது? ஆண்கள் காதில் விழும்படி அந்த வார்த்தையைப் பெரியளத்தில் எந்தப் பெண்ணும் சொன்னது கிடையாது. கதவு நின்ற காலத்தில்கூட, அந்தப் பக்கம் போகணும் என்றுதான் சொல்வார்கள்.

புரட்டாசி மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை, உச்சி வெயிலில், ஞானப்பூவின் மடியில் போன் அடித்தது. அவள் அப்போது இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு ஒன்பதாம் பாத்தியின் நடுவில் நின்றிருந்தாள், அடிவயிறு வெடித்துவிடும் போல இருந்தது, ஒரு காலை எடுத்து வைத்தால் என்ன ஆகும் என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஏளா ஞானப்பூ, மணி என்ன பாரு," என்றது பிச்சைக்கனியின் குரல்.

"பன்னெண்டே கால்க்கா. என்ன ஆச்சு? எதுவும் ஆச்சா?"

"நான் கடைசியாப் போனது பத்து மணிக்கு. பத்து மணிக்கு, ஞானப்பூ! அந்த ரூமுக்குள்ள முப்பத்தேழு தடவை உக்காந்து எந்திரிச்சாச்சு, ரெண்டு வாரமா தண்ணி மாதிரி வெள்ளையாப் போகுது. இப்ப ஒரு சினிமாப் படத்துக்குப் போலாமான்னு மக கேக்கா. ரெண்டே கால் மணி நேரம் ஆச்சு, இன்னும் வரல. வரவே இல்ல. கேக்குதா?"

ஞானப்பூவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன, சிரித்தால் எல்லாம் போய்விடும், அதனால் தொடையை இறுக்கிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணீர் மட்டும் வழிய நின்றாள். "கேக்குதுக்கா," என்றாள். "நல்லாக் கேக்குது. நீ படத்துக்குப் போ."

போனை மடியில் செருகிக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். நாலு பக்கமும் வெள்ளை. அங்கங்கே குனிந்த முதுகுகள், கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிற முப்பத்தொன்பது பேர். அவளுக்காக எந்தக் கதவும் வரவில்லை, வரப்போவதும் இல்லை என்று அவளுக்கு இப்போது நன்றாகத் தெரிந்தது. வாருபலகையை வரப்பில் சாய்த்து வைத்தாள். தட்டுமேட்டைப் பார்க்க நடந்தாள், மெதுவாக, ஒவ்வொரு அடியாக. கைப்பிள்ளைக்காரியாகிவிட்ட மரியபுஷ்பம் முதலில் நிமிர்ந்தாள், பலகையை வைத்தாள், பின்னால் நடந்தாள். அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் எல்லாரும்.

தவசிமுத்து குடையோடு குறுக்கே வந்து நின்றான். லாரிக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

"எங்கட்டி, கூட்டமா?"

"ஒண்ணுக்குப் போகணும் அண்ணாச்சி," என்றாள் ஞானப்பூ, பெரியளம் முழுக்கக் கேட்கும்படி. "முதலாளி கக்கூஸ் சாவியை எடுங்க."

தவசிமுத்துவுக்கு முதலில் காது சிவந்தது. லாரிக்காரர்களில் ஒருத்தன் சிரிக்க வாயைத் திறந்து, நாற்பது முகங்களைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். பிறகு தவசிமுத்து குடையை மடக்கி அக்குளில் இடுக்கினான், கையை இடுப்புப் பெல்ட்டுக்குக் கொண்டு போய்ச் சாவிக்கொத்தைத் தடவினான்.